காடையின் நிறமும் பண்ணையின் கணக்கும்

இந்தியாவில் காடை வளர்ப்பு ஒரு தொழிலாக வேரூன்றிய வரலாறு 1974-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலிருந்து ஜப்பானியக் காடைகள், உத்தரப் பிரதேசத்தில் பரேலி நகரையொட்டிய இசத்நகருக்குத் தருவிக்கப்பட்டன. இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் கோழியினப் பிரிவு அங்கு அவற்றைப் பெருக்கி, நமது தட்பவெப்பத்துக்கும் தீவனத்துக்கும் பழக்கியது. அந்தப் பிரிவே 1979-இல் மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிலையம் என்னும் தனி நிறுவனமாயிற்று. உத்தம், உஜ்வல், சுவேதா போன்ற காடை வகைகள் அங்கிருந்து வெளிவந்தன. தமிழ்நாட்டில் நந்தனம் காடை என்ற பெயரில் வழங்கும் வகைகளும் இம்முயற்சியின் தொடர்ச்சியே எனலாம்.

சிறு முதலீட்டாளருக்கு இப்பறவை உகந்ததாக இருப்பதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. முட்டை 17 அல்லது 18 நாட்களில் பொரிக்கிறது. ஐந்தாம் வாரத்தில் பறவை இறைச்சிக்கு ஆகிறது. ஆறு, ஏழு வாரங்களில் பெட்டை முட்டையிடத் தொடங்குகிறது. ஒரு கோழி நிற்கும் இடத்தில் பல காடைகளை வளர்த்துவிடலாம். தலைமுறை விரைவாக மாறுவதால் ஓராண்டுக்குள் மூன்று, நான்கு தலைமுறைகளைக் காண முடியும். இந்த விரைவு வருமானத்துக்கு வழியாவது போலவே, மரபுக் குறைகள் விரைந்து பரவுவதற்கும் வழியாகிறது. இதைப் பண்ணையாளர் பலர் கணக்கில் கொள்வதில்லை.

குஞ்சு விற்போர் இப்போது பழுப்பு நிறக் காடைகளோடு வெள்ளை, மஞ்சள், வெள்ளி, சாம்பல் எனப் பல நிறங்களையும் விற்கின்றனர். நிறத்துக்குக் கூடுதல் விலையும் கேட்கப்படுகிறது. நிறம் என்பது இறகின் மேற்பூச்சு என்று எண்ணி வாங்குவோரே மிகுதி. ஆனால் ஒரு நிறத்தைத் தோற்றுவிக்கும் மரபணு மாற்றம் இறகோடு நின்றுவிடுவதில்லை. சிலவேளை அது கருவைக் கொல்கிறது. சிலவேளை கண்ணைப் பாதிக்கிறது. சிலவேளை தீவனச் செலவை மாற்றுகிறது. முறையாகப் பயன்படுத்தினால் செலவைக் குறைக்கவும் அது உதவுகிறது. எந்த நிறம் எதனைச் செய்கிறது என்பதை அறிந்துகொள்வது ஆய்வாளருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு பண்ணையாளருக்கும் தேவை.

இயல்பு நிறமும் அதன் பயனும்

காட்டில் வாழும் ஜப்பானியக் காடையின் நிறம் உலர்ந்த புல்லின் நிறத்தை ஒத்தது. பழுப்பு இறகுகளின் நடுவே வெளிர்கோடுகள் ஓடும். தரையில் பதுங்கி வாழும் பறவைக்கு இது மறைப்பு. பண்ணையாளருக்கோ இந்நிறம் வேறொரு வகையில் உதவுகிறது. மூன்று வாரம் நிறையும்போது சேவலின் மார்பு துருவின் நிறம் கொள்கிறது. பெட்டையின் மார்பில் வெளிர் நிறத்தின் மேல் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. பயிற்சி இல்லாதவரும் கண்ணால் பார்த்தே சேவலையும் பெட்டையையும் பிரித்துவிடலாம். புதிய நிறங்களை நாடுவோர் இழக்கும் முதற்பொருள் பெரும்பாலும் இந்த வசதிதான்.

பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக்களில் ஒன்று திடீரெனத் தன் அமைப்பில் மாறி, அம்மாற்றம் சந்ததிக்கும் தொடருமானால் அதனைச் சடுதி மாற்றம் என்பர். ஒவ்வொரு மரபணுவும் ஒரு பறவையிடம் இரண்டு பிரதிகளாக உள்ளது. ஒன்று தந்தை வழி, மற்றொன்று தாய் வழி. மாறிய பிரதி ஒன்று இருந்தாலே பண்பு வெளிப்படுமாயின் அது ஓங்கு தன்மை உடையது. இரண்டும் மாறியிருந்தால்தான் வெளிப்படுமாயின் அது ஒடுங்கு தன்மை உடையது. இவ்வளவு தெரிந்திருந்தால் பின்வருவனவற்றைப் புரிந்துகொள்ளலாம்.

மஞ்சள் காடையின் விலை

மஞ்சள் நிறம் ஓங்கு தன்மை உடையது. இயல்பு நிறக் காடையோடு மஞ்சள் காடையை இணைத்தால் குஞ்சுகளில் பாதி மஞ்சளாகவும் பாதி இயல்பு நிறமாகவும் பிறக்கும். மஞ்சளையும் மஞ்சளையும் இணைத்தால் நான்கில் மூன்று பங்கு மஞ்சளாக இருக்க வேண்டும் என்பது பாடநூல் கணக்கு. பண்ணையில் அப்படி நிகழ்வதில்லை. பொரித்த குஞ்சுகளில் மூன்றில் இரண்டு பங்கே மஞ்சளாக இருக்கும். கணக்கில் விடுபட்ட பங்கு முட்டைக்குள்ளேயே இறந்துபோயிருக்கும். மஞ்சள் மரபணுவின் இரண்டு பிரதிகளையும் பெற்ற கரு, வளர்ச்சியின் தொடக்க நாட்களிலேயே மடிகிறது. இத்தகையவற்றைக் கொல்லி மரபணு என்பர்.

இதன் பொருளியலை எண்களால் பார்ப்பது நல்லது. 400 கருக்கூடிய முட்டைகளைப் பொரிப்பானில் வைப்பதாகக் கொள்வோம். மற்ற காரணங்களால் ஏற்படும் இழப்பை ஒதுக்கிவிடுவோம். பெற்றோர் இருபாலும் மஞ்சளாயின் 100 கருக்கள் இறக்கும். 200 மஞ்சள் குஞ்சுகளும் 100 இயல்பு நிறக் குஞ்சுகளும் கிடைக்கும். பெற்றோரில் ஒரு பால் மட்டும் மஞ்சளாயின் இறப்பு இல்லை. 200 மஞ்சள் குஞ்சுகளும் 200 இயல்பு நிறக் குஞ்சுகளும் கிடைக்கும். இரண்டு முறையிலும் மஞ்சள் குஞ்சுகளின் எண்ணிக்கை ஒன்றே. மஞ்சளோடு மஞ்சளை இணைப்பவருக்கு ஒரு மஞ்சள் குஞ்சுகூட மிகுதியாகக் கிடைப்பதில்லை. அவர் 100 குஞ்சுகளை இழப்பதுதான் மிச்சம். ஆயினும் பொரித்த தட்டைப் பார்க்கும்போது மஞ்சளின் விகிதம் கூடியிருப்பதால் முறை வெற்றி பெற்றது போன்ற தோற்றம் ஏற்படுகிறது. விகிதத்தை மட்டும் பார்த்து எண்ணிக்கையைப் பார்க்கத் தவறுவது பொருளியலில் பழகிய பிழை. கோழியினப் பண்ணைகளும் அதற்கு விலக்கல்ல.

இழப்புக்கான பழி வழக்கமாக வேறிடத்தில் போய் விழுகிறது. ஏழாம் நாள் முட்டையை விளக்கொளியில் பார்க்கும்போது, மிக இளமையில் இறந்த கரு கருக்கூடாத முட்டையைப் போலவே தோன்றும். புள்ளிகள் நிறைந்த காடை முட்டை ஓட்டின் வழியே வேறுபாடு காண்பது இன்னும் கடினம். எனவே சேவல் சரியில்லை என்று சேவல் மாற்றப்படுகிறது. மின்சாரம் தடைப்பட்டது என்றும், பொரிப்பானில் வெப்பம் சீராக இல்லை என்றும் முடிவு கட்டப்படுகிறது. நான்கில் ஒரு பங்கு என்ற அளவில் இழப்பு ஒவ்வொரு முறையும் தொடருமானால் இயந்திரத்தைச் சோதிப்பதற்கு முன் இணை சேர்த்த பதிவேட்டைப் பார்ப்பதே முறை.

இத்தகைய மஞ்சள் நிறம் உயிரியலில் புதிதன்று. மஞ்சள் சுண்டெலிகளின் சந்ததியில் விகிதம் பிறழ்வதை 1905-இல் பிரெஞ்சு அறிஞர் குயேனோ கண்டார். இரு பிரதிகள் பெற்ற கரு இறந்துவிடுவதே காரணம் என்பதை 1910-இல் காசில், லிட்டில் என்ற அமெரிக்கர்கள் விளக்கினர். காடையின் மஞ்சள் நிறத்துக்கும் அதே வகையான காரணம் இருப்பது 2008-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. நிறத்தைக் கட்டுப்படுத்தும் அகூட்டி என்னும் மரபணுவுக்கு முன்னுள்ள மரபுப் பொருளில் 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள் நீங்கிப்போயிருந்தன. அந்த நீக்கத்தால் அகூட்டி மரபணு பக்கத்திலுள்ள வேறொரு மரபணுவின் கட்டளைக்குள் வந்து, வேண்டாத இடங்களிலும் வேலை செய்கிறது, பறவை மஞ்சளாகிறது. அதே நீக்கத்தில் அண்டை மரபணுக்களும் சேதமடைகின்றன. இரு பிரதிகளிலும் அச்சேதம் நேரும்போது கரு பிழைப்பதில்லை எனக் கருதப்படுகிறது. சுண்டெலியும் காடையும் பரிணாமத்தில் பிரிந்து முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாயின. இரண்டும் ஒரே இடத்தில் ஒரே வகையில் தடுக்கி விழுந்திருப்பது வியப்புக்குரியது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். மஞ்சளாகத் தோன்றும் எல்லாக் காடைகளும் இந்த மரபணுவைக் கொண்டவை அல்ல. இதே அகூட்டி மரபணுவின் அருகே நேர்ந்த வேறு இரு மாற்றங்கள் இறகை வெளிர்நிறமாக்குகின்றன என்பதை 2019-இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அவற்றின் இரு பிரதிகள் பெற்ற பறவை இறப்பதில்லை. சந்தையில் இவை அனைத்தும் தங்கக் காடை என்றோ இத்தாலியக் காடை என்றோ ஒரே பெயரில் விலைபோகின்றன. எனவே விற்பவர் சொல்லும் பெயரை நம்பிப் பயனில்லை. சில இணைகளைத் தனிக்கூண்டில் வைத்து, மஞ்சளோடு மஞ்சளையும், மஞ்சளோடு இயல்பு நிறத்தையும் சேர்த்து, இரு குழுக்களின் முட்டைகளையும் ஒரே பொரிப்பானில் ஒரே வேளையில் வைத்துப் பார்க்க வேண்டும். முதற்குழுவில் மட்டும் கால் பங்கு குறையுமானால் அது கொல்லி மஞ்சள். குறையவில்லையெனில் அச்சமின்றி வளர்க்கலாம். இச்சோதனைக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. நூறு, இருநூறு முட்டைகளும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

நிறத்தால் பால் அறிதல்

கொல்லி மஞ்சளுக்கு நேர்மாறாக, நிறமே வருவாயைப் பெருக்கும் இடமும் உண்டு. பறவைகளில் பாலை நிர்ணயிக்கும் முறை மனிதனுடையதற்கு மாறானது. சேவலுக்கு இசட் எனப்படும் குரோமோசோம் இரண்டு. பெட்டைக்கு ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும். இசட் குரோமோசோமில் அமைந்த மரபணுவைப் பெட்டைக் குஞ்சு தந்தையிடமிருந்து மட்டுமே பெறுகிறது. சேவற் குஞ்சோ இருவரிடமிருந்தும் பெறுகிறது.

காடைகளில் செம்பழுப்பு நிறம் தரும் ரூ என்னும் சடுதி மாற்றமும், இலவங்கப்பட்டை நிறமும், செங்கண்ணோடு வெளிறிப் பிறக்கும் வெண்மையும் இந்தக் குரோமோசோமில் அமைந்தவை. மூன்றும் ஒடுங்கு தன்மை உடையவை. செம்பழுப்புச் சேவலை இயல்பு நிறப் பெட்டையோடு இணைத்தால் பிறக்கும் பெட்டைக் குஞ்சுகள் அனைத்தும் தந்தையின் செம்பழுப்பைப் பெறும். சேவற் குஞ்சுகள் அனைத்தும் தாயின் இயல்பு நிறத்தைப் பெறும். பொரிப்பானின் தட்டைத் திறந்த அன்றே தூவியின் நிறத்தைப் பார்த்துப் பாலைப் பிரித்துவிடலாம். மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதில்லை.

இதன் பயன் முட்டைக்காடை வளர்ப்போருக்கு மிகுதி. அவர்களுக்குச் சேவல் தேவையில்லை. ஏழு, எட்டு கிராம் எடையுள்ள குஞ்சின் பின்துவாரத்தைப் பார்த்துப் பால் அறிவது தேர்ந்தவருக்கும் எளிதன்று. பால் தெரியாமல் வளர்க்கும் மூன்று வாரமும் சேவற் குஞ்சு தீவனம் உண்கிறது. அடைவெப்பக் கூண்டில் இடமும் பிடித்துக்கொள்கிறது. முதல் நாளே பிரித்தால் சேவல்களை இறைச்சிக்காக வளர்ப்பவருக்கு விற்றுவிடலாம். அடைவெப்பக் கூண்டின் கொள்ளளவு முழுவதும் பெட்டைகளுக்கே பயன்படும். காடைப் பண்ணையில் மிகுந்த செலவு தீவனத்துக்கே ஆவதால் இது சிறிய மிச்சமன்று.

ஆனால் இணையைத் தலைகீழாக மாற்றினால் பயன் முற்றிலும் போய்விடும். இயல்பு நிறச் சேவலைச் செம்பழுப்புப் பெட்டையோடு சேர்த்தால் எல்லாக் குஞ்சுகளும் இயல்பு நிறமாகவே பிறக்கும். சேவற் குஞ்சுகள் மட்டும் செம்பழுப்பு மரபணுவை மறைவாகச் சுமந்திருக்கும். அவற்றை அடுத்த தலைமுறைக்குப் பயன்படுத்தினால் பெட்டைகளில் பாதி எதிர்பாராமல் செம்பழுப்பாகப் பிறக்கும். இனம் கலந்துவிட்டது என்று குஞ்சு கொடுத்த பண்ணைமீது குற்றம் சாட்டப்படுவது இத்தகைய வேளைகளில்தான். செங்கண் வெண்மையைப் பால் அறிவதற்காகப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். அம்மரபணு கண்ணில் நிறமி உண்டாவதைத் தடுப்பதால் பறவைக்கு ஒளி கூசுகிறது. வயது ஏறும்போது கண்ணில் நீரழுத்த நோய் தோன்றுவதும் ஜப்பானில் பதிவாகியுள்ளது. நீண்ட நாள் முட்டைக்காக வைத்திருக்கும் மந்தைக்கு இந்த வெண்மையைப் பரிந்துரைக்க இயலாது, செம்பழுப்பே மேல்.

வெள்ளையில் இரு வகை

வெள்ளைக் காடை அனைத்தும் ஒன்றல்ல என்பதைக் கண்ணைப் பார்த்தே அறியலாம். மேற்சொன்ன வெள்ளைக்குக் கண் சிவப்பு. மற்றொரு வகைக்கு இறகு வெண்மையாயினும் கண் கருமை. இந்த வேறுபாட்டின் காரணம் கருவின் வளர்ச்சியில் உள்ளது.

இறகுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் இறகிருக்கும் தோலில் பிறப்பதில்லை. கருவின் முதுகுப்புறத்தில், நரம்புக்குழாய் மூடிக்கொள்ளும் விளிம்பில் அவை தோன்றுகின்றன. அங்கிருந்து புறப்பட்டு உடலெங்கும் பரவித் தோலை அடைகின்றன. இப்பயணத்தைக் கண்டறிந்ததில் காடைக்குப் பெரும்பங்கு உண்டு. பிரான்சின் நிக்கோல் லெ துவாரன் அம்மையார், காடை உயிரணுவின் உட்கரு கோழியுடையதிலிருந்து நுண்ணோக்கியில் தெளிவாக வேறுபடுவதை 1969-இல் பயன்படுத்தத் தொடங்கினார். காடைக் கருவின் ஒரு துணுக்கைக் கோழிக் கருவில் ஒட்டவைத்து, அதன் உயிரணுக்கள் எங்கெங்கே செல்கின்றன என்பதைத் தொடர்ந்தார். வெள்ளைக் கோழிக்குஞ்சின் உடலில் காடையின் நிறத்தோடு ஒரு பட்டை இறகு முளைத்த காட்சி, உயிரணுக்களின் பயணத்துக்குச் சான்றாயிற்று.

இந்தப் பயணம் தடைப்பட்டால் இறகு வெள்ளையாகிறது. கண்ணின் உட்படலத்திலுள்ள நிறமி உயிரணுக்களோ கண்ணிலேயே தோன்றுபவை. அவற்றுக்குப் பயணம் தேவையில்லை. எனவே கண் கருமையாகவே இருக்கிறது. பாண்டா எனப்படும், வெள்ளை உடலில் ஆங்காங்கே நிறத்திட்டுகள் கொண்ட காடையில், இப்பயணத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவே மாறியுள்ளது என்பது 2007-இல் தெரிந்தது. கருங்கண் வெள்ளை வகைகள் பார்வைக் குறையின்றி வளர்வதால் இறைச்சிப் பண்ணைக்கு ஏற்றவை. இறகைப் பறித்த பின் தோலில் கரிய முளைகள் தெரியாமல் தூய்மையாக இருப்பதும் விற்பனைக்கு உதவும். தோலுரித்தே விற்கும் நமது கடைகளில் இச்சிறப்புக்கு அவ்வளவு மதிப்பில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக் காடையில் மார்பின் நிறத்தால் பால் அறிய முடியாது. பருவமெய்திய சேவலின் பின்துவாரச் சுரப்பி பருத்து, அழுத்தினால் நுரை வெளிப்படுவதைக் கொண்டே அறிய வேண்டும். கரும்பழுப்பு வகையிலும் இதே தொல்லை உண்டு.

வெள்ளி நிறக் காடை இவ்விரண்டிலும் சேராது. மாறிய பிரதி ஒன்று மட்டும் உள்ள பறவை அழகிய வெள்ளி நிறம் பெறும். இரண்டும் மாறியது ஏறத்தாழ முழு வெள்ளையாகும். அதன் கண்ணில் நிறமிப் படலமாக வளர வேண்டிய பகுதி, நரம்புப் படலமாக மாறி வளர்ந்துவிடுகிறது. நிறமி உயிரணுக்களின் வளர்ச்சியை ஆளும் ஒரு மரபணு குறைபட்டதே காரணம் என்று 2010-இல் வெளியிடப்பட்டது. வெள்ளியோடு வெள்ளியை இணைப்பவர் கால் பங்கு கண் குறையுள்ள பறவைகளை விலை கொடுத்து உண்டாக்கிக்கொள்கிறார். வெள்ளியை இயல்பு நிறத்தோடு மட்டும் இணைப்பதே முறை.

சாம்பல் கலந்த ஊதா நிறக் காடையைப் பற்றி 2012-இல் வந்த ஆய்வு பொருளியல் நோக்கில் கவனிக்கத்தக்கது. அந்நிறத்தைத் தரும் மாற்றம் ஒரே மரபணுவோடு நில்லாமல் அருகிலுள்ளவற்றையும் சிதைத்திருந்தது. அப்பறவைகள் வளர்ச்சியிலும் தீவனம் உண்ணும் அளவிலும் உடல் வெப்பத்திலும் இயல்பான காடைகளிலிருந்து வேறுபட்டன. புதிய நிறத்தை மந்தையில் சேர்க்கும் பண்ணையாளர் சில வாரங்களுக்கேனும் தனித்தொட்டியில் தீவனத்தை நிறுத்து வைத்து, எடையையும் குறித்து வைப்பது எவ்வளவு தேவை என்பதற்கு இது சான்று.

நோயா, தீவனக் குறையா, மரபா?

தோற்றத்தோடு நில்லாமல் உடல் வளர்ச்சியையே குலைக்கும் மாற்றங்களும் காடைகளில் பல உள்ளன. முள்ளம்பன்றி எனப் பெயரிடப்பட்ட வகையில் இறகு விரியாமல் முள்ளைப் போல் சுருண்டே நிற்கும். கால், சிறகு எலும்புகள் குறுகி, பொரிக்கும் முன்பே இறக்கும் வகைகளும் உண்டு. தலையை முதுகுப்பக்கம் வளைத்து வானத்தை நோக்கும் குஞ்சுகள், மரபு வழியாகத் தோன்றுவதை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் விவரித்தனர்.

இங்குதான் பண்ணையாளர் தடுமாறுகிறார். தலை பின்னோக்கி வளைவது தயமின் என்னும் உயிர்ச்சத்து குறைந்தாலும் நேரும். கால்விரல்கள் உட்புறம் சுருள்வது ரிபோஃபிளேவின் குறைவின் அடையாளம். நடுக்கம் தொற்றுநோயாலும் வரலாம். எல்லாவற்றையும் மரபின்மேல் போட்டு நல்ல மந்தையைக் கழிப்பதும் தவறு. மரபுக் குறைக்கு மாதக்கணக்கில் உயிர்ச்சத்து மருந்து வாங்கிக் கொடுப்பதும் வீண். பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. தீவனக் குறையாயின் ஒரே தீவனம் உண்ணும் பல குடும்பங்களிலும் குறை தென்படும். தீவனத்தைத் திருத்தினால் அடுத்த தொகுதியில் மறையும். மரபாயின் குறிப்பிட்ட சில பெற்றோரின் குஞ்சுகளில் மட்டும், ஏறத்தாழ நான்கில் ஒன்றாகத் திரும்பத் திரும்ப வரும். எந்தக் குஞ்சு எந்தக் கூண்டின் முட்டையிலிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லாத பண்ணையில் இவ்வழி பயன்படாது. பெரும்பாலான சிறு பண்ணைகளில் அக்குறிப்பு இல்லை என்பதே உண்மை நிலை. தொற்றுநோய் என்று ஐயம் எழுந்தால் மட்டும் காத்திராமல் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.

பண்ணைக்கு நட்டமான குறை மருத்துவத்துக்குச் செல்வமான நிகழ்ச்சியும் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் வளர்த்த ஒரு காடை வகையில், தசைகளில் சேரும் கிளைகோஜனைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்திருந்தது. மல்லாத்திப் போட்டால் அப்பறவையால் புரண்டு எழ முடியாது. மனிதரில் பாம்பே நோய் எனப்படுவதும் இதே குறைதான். ஹாலந்து நாட்டு மருத்துவர் பாம்பேயின் பெயரால் அது வழங்குகிறது. 1998-இல் வெளியான ஆய்வில், ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய நொதியை ஊசி வழியே பெற்ற காடைகள் புரண்டெழுந்தன; சிறகடித்தன. அந்த வழியில் வளர்ந்த மருந்துக்கு 2006-இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒப்புதல் அளித்தன. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இடம்பெற்ற நோய்களில் இதுவும் ஒன்று. நரம்பிழைகளின் உள்ளமைப்பான ஒரு புரதம் இல்லாமல் உடல் நடுங்கும் மற்றொரு ஜப்பானியக் காடை வகையும் நரம்பியலுக்கு இதுபோல் உதவியது. பண்ணையில் இத்தகைய பறவையைக் கழித்துவிடுவதே சரி. ஆனால் தொடர்ந்து ஒரே வகைக் குறை தோன்றுமானால் கழிக்கும் முன் அருகிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தெரிவிப்பது பயனுள்ளது.

சிறு மந்தையின் ஆபத்து

ஒடுங்கு தன்மையுள்ள குறைகள் எந்த மந்தையிலும் மறைந்தே இருக்கும். அவை வெளிவருவது நெருங்கிய உறவுப் பறவைகள் இணையும்போது. இருபது, முப்பது காடைகளை வாங்கி, அவற்றின் குஞ்சுகளையே மேன்மேலும் பெருக்கும் பண்ணையில் ஓராண்டுக்குள் உடன்பிறந்தவையே பெற்றோராகிவிடுகின்றன. கோழியைவிடக் காடை இதை மிகக் குறைவாகவே தாங்குகிறது. நமது நாட்டுக்குக் காடைகள் வந்த அதே டேவிஸ் வளாகத்தில் நடந்து, 1966-இல் வெளியான ஆய்வில், உடன்பிறந்தவற்றையே இணைத்து வந்த காடை வரிசைகளில் பொரிப்பும் குஞ்சுகளின் உயிர்வாழ்வும் சரிந்து, சில தலைமுறைகளிலேயே வரிசைகள் அற்றுப்போயின.

அரிய நிறத்தை விரைவில் பெருக்க வேண்டும் என்ற ஆவல் இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. அந்நிறமுள்ள இரண்டு, மூன்று பறவைகளிலிருந்தே மந்தை முழுவதும் தோன்றிவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் உறவில்லாத இடத்திலிருந்து சேவல்களைக் கொண்டுவர வேண்டும். காலில் வளையமிட்டுக் குடும்பங்களைப் பிரித்து வைக்க வேண்டும். இதைத் தனியொரு விவசாயியிடம் எதிர்பார்ப்பதைவிட, குஞ்சு வழங்கும் அரசுப் பண்ணைகளும் வேளாண் அறிவியல் நிலையங்களும் தம் பொறுப்பாகக் கொள்வதே பொருத்தம். குஞ்சோடு தரும் சீட்டில் வகையின் பெயரும் பொரித்த நாளும் இருக்கின்றன. நிறத்தின் மரபு முறையையும், எந்த நிறத்தோடு எதை இணைக்கக் கூடாது என்பதையும் இரண்டு வரியில் அச்சிடுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

பண்ணைக் காடையும் காட்டுக் காடையும்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் காடைகள் பாதுகாக்கப்பட்டவை என்பதால், பண்ணையில் பிறந்த ஜப்பானியக் காடையும் நெடுங்காலம் அச்சட்டத்தின் வரம்புக்குள் இருந்தது. 2011-இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் புதிய காடைப் பண்ணைகளுக்கு உரிமம் வழங்குவதைக் கட்டுப்படுத்தியபோது தொழில் தடுமாறிற்று. 2013-இல் ஜப்பானியக் காடைக்கு அச்சட்டத்தின் பட்டியலிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. நாட்டின் சொந்தக் காடைகளுக்கும் குளிர்காலத்தில் வலசை வரும் காடைகளுக்கும் விலக்கு இல்லை; அவற்றைப் பிடிப்பது குற்றமே.

அமைச்சகத்தின் தயக்கத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. வலசை வரும் காடையும் ஜப்பானியக் காடையும் நெருங்கிய இனங்கள். கூண்டில் இணைந்து சந்ததி ஈனுபவை. ஐரோப்பாவில் வேட்டைக்காகத் திறந்துவிடப்பட்ட பண்ணைக் காடைகள் காட்டுக் காடைகளோடு கலந்திருப்பது ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. பல தலைமுறை கூண்டில் வாழ்ந்து வலசை போகும் உந்துதல் மங்கிய பறவையின் மரபணு, காட்டு மந்தையில் கலப்பது விரும்பத்தக்கதன்று. விற்காமல் தேங்கிய பறவைகளை வயலில் திறந்துவிடுவது இரக்கச் செயல்போல் தோன்றினாலும் பண்ணையாளர் அதைச் செய்யலாகாது. தப்பிய வெள்ளைக் காடையையோ மஞ்சள் காடையையோ வனத்துறைக் காவலர் தொலைவிலிருந்தே இனங்காண்பார். வல்லூறும் அவருக்கு முன்பே கண்டுவிடும். இயல்பு நிறக் காடை புல்லுக்குள் இறங்கிவிட்டால், அது பண்ணையில் பிறந்ததா காட்டில் பிறந்ததா என்று பார்வையால் பிரித்தறிவது மிகக் கடினம்.